பிரதம விருந்தினர் வரும்வரை

தை மாதம், செவ்வாய்க்கிழமை, காலை. வடமேற்கு லண்டன் மருத்துவமனை ஒன்றில் என் தங்கை நளாயினி காலமானாள். காரணம் கணையத்தில் வந்த புற்றுநோய். உடனிருந்தவர்கள் அவளுடைய மகள் ஆரணியும் நானும்.

அதே நாள், பிற்பகல். மரண அறிவித்தலுக்கான விவரங்களை எழுதித் தமிழ் வானொலி ஒன்றுக்கு அனுப்பினேன். அவளுடைய பெயருக்கு முன்னால் ‘நகைச்சுவைக் கலைஞர்’ என்று எழுதியிருந்தேன்.

புதன்கிழமை, காலை. செய்திக்குப் பின்னர் அறிவித்தல் வாசிக்கப்பட்டது. ஐந்து நாடுகளில் வாழும் உறவினர்களின் பெயர்கள் இடம்பெற்றன. ‘நகைச்சுவைக் கலைஞர்’ இடம்பெறவில்லை. அந்த இடத்தில் ‘கலைச்சேவகி’ என்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை. தகனம் நடந்தது. மழை.

மாசி மாதம், சனிக்கிழமை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைகள் முடிந்தபின் வெம்பிளியில் ஒரு பள்ளி மண்டபத்தில் நினைவஞ்சலிக் கூட்டம். அழைப்பிதழில் ஐந்து மணி என்றிருந்தது. ஐந்து மணிக்குத் தொடங்கவில்லை.

இவை நடந்தவை. நடந்ததை முதலில் தனியே எழுதி, அதைப் பற்றி நினைப்பதைப் பிறகு எழுதுவது என் தொழில் பழக்கம். இந்தத் தொடரைச் சில வாரங்களாக வாசித்து வருபவர்களுக்கு என் தொழில் தெரியும். ஒலியியல் கற்பித்தவன் நான். மண்டபங்களின் எதிரொலியை அளந்து சம்பளம் வாங்கியவன். இந்த வாரம் ஓர் இடைவெளி விடலாம் என்று இதழின் ஆசிரியர் கனிவோடு சொன்னார். அவருக்கு நன்றி. இடைவெளி விட விருப்பமில்லை.

பாதி ரோல்ஸ்

ஹரோவில் ஒரு பள்ளி மண்டபம். எங்கள் ஊர் ஒன்றியத்தின் ஆண்டு விழா. எந்த ஆண்டு என்பது நினைவில்லை. அந்த விழாக்கள் ஒன்றையொன்று ஒத்தவை.

தேக்குப் பலகைத் தரை, உயரமான கூரை, திரை இல்லாத சன்னல்கள். ஒலியைப் பொறுத்தவரை மிக மோசமான மண்டபம். பின்வரிசையில் ஒரு குழந்தை கதிரையை இழுத்தால் அது முன்வரிசையில் இடியாக விழும். மேடையில் குத்துவிளக்கு ஏற்றப்படாமல் நின்றது. பிரதம விருந்தினர் வரவில்லை.

நானும் தங்கையும் பின்வரிசையில் இருந்தோம். அவள் மிளகு வாசம் வீசும் ஆட்டிறைச்சி ரோல்ஸ் ஒன்றைக் கடித்துக்கொண்டிருந்தாள். அப்போது தயாபரன் பக்கக் கதவால் வந்தார்.

தயாபரனை அறிமுகப்படுத்த வேண்டும். ஊர் ஒன்றியத்தின் செயலாளர். மரண அறிவித்தலை வாசித்த அந்த வானொலியின் நிகழ்ச்சிப் பொறுப்பாளரும் அவரே. நல்ல மனிதர் என்று எல்லோரும் சொல்வார்கள். செத்தவீடு என்றால் முதல் ஆளாக வந்து கதிரை அடுக்குவார். என் தங்கையின் தகனத்தன்றும் அடுக்கினார். இதை மறைத்துவிட்டு மற்றவற்றை எழுதினால் அது நேர்மையாகாது.

அவர் குனிந்து மெதுவாகச் சொன்னார்.

“நளாயினி அக்கா, டொக்டர் நோர்த் சேர்குலர் ரோட்டு ட்ராஃபிக்கிலை மாட்டுப்பட்டு நிக்கிறாராம். ஒரு பத்து நிமிசம் சமாளியுங்கோவன்.”

“பத்தோ, இருபதோ?”

“அவர் வருமட்டும்.”

“அவர் எந்த எக்ஸிற்றிலை நிக்கிறார் எண்டு கேட்டுச் சொல்லும். அதுக்கேற்ற மாதிரி ஜோக்கை எடுக்கிறன்.”

தயாபரன் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை, உண்மையாகவே கேட்டாள். பாதி ரோல்ஸைக் கைத்துடைப்பில் சுற்றி என்னிடம் தந்துவிட்டு, விரல்களை என் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு மேடைக்குப் போனாள்.

பெயரில்லாத அழைப்பிதழ்கள்

அதுதான் அவளுடைய மேடை வாழ்க்கை. முப்பது வருடங்களுக்கு மேல் லண்டனின் தமிழ் மேடைகளில் அவள் ஏறினாள். வெம்பிளி, ஹரோ, ஈஸ்ற்ஹாம், தோர்ண்டன் ஹீத், ஒருமுறை பேர்மிங்ஹாம். எந்த அழைப்பிதழிலும் அவள் பெயர் அச்சாகவில்லை.

வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, வீணைக் கச்சேரி, பரதம், பிரதம விருந்தினர் உரை, நன்றியுரை எல்லாவற்றுக்கும் அழைப்பிதழில் வரி உண்டு. அவள் அந்த வரிகளுக்கு நடுவே இருந்த வெள்ளைத்தாள். விருந்தினர் வரும்வரை, ஒலிவாங்கி திருத்தப்படும்வரை, பரதப் பிள்ளைகள் சலங்கை கட்டி முடிக்கும்வரை.

ஒருமுறை அவளே கேட்டாள். நானும் பக்கத்தில் இருந்தேன்.

“தயாபரன், நோட்டீசிலை ஒரு மூலையிலை என்ரை பேரையும் போட்டால் என்ன?”

“போடலாம் அக்கா. ஆனால் மங்கள விளக்கேற்றல் எல்லாம் இருக்கிற நோட்டீஸ்… ஆக்கள் ஒரு கதை கதைப்பினம்.”

அவர் அதற்கு மேல் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. ஆரணி சிறுமியாக இருந்தபோதே என் தங்கை கணவனை இழந்தவள். அவளை விளக்கேற்ற அழைக்க மாட்டார்கள். அவள் பெயர் விளக்கோடு ஒரே தாளில் இருப்பதும் சரியில்லை. ஆனால் அந்த விளக்கு ஏற்றப்படாமல் முக்கால் மணி நேரம் நிற்கும்போது, காத்திருப்பவர்களை அவள் சிரிக்கவைப்பதில் யாருக்கும் ஓர் அமங்கலமும் தெரியவில்லை.

இதை நான் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கோபம் வருகிறது. வயதானால் கோபம் தணியும் என்கிறார்கள். என்னிடம் அது நடக்கவில்லை.

செத்தவர்களை வாசித்த குரல்

அவள் நகைச்சுவைக்கு வந்த வழியும் விசித்திரமானது.

லண்டனில் தமிழ் வானொலிகள் முளைத்த காலம். சவுத்தாலில் ஒரு சேலைக்கடைக்கு மேலே இரண்டு அறைகள். ஒலிப்பதிவு அறைச் சுவர்களில் எதிரொலியைக் குறைப்பதற்காகப் பழைய மெத்தைப் போர்வைகளைத் தொங்கவிட்டவன் நான்தான். மாரியில் அந்தப் போர்வைகள் ஈர நாய்போல நாறும்.

குரல் தெளிவாக இருந்ததால் அவளுக்குக் காலை மரண அறிவித்தல் கிடைத்தது. அந்த வாசிப்பைக் கேட்டவர்களுக்கு அதன் கடினம் தெரியும். பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், காலஞ்சென்ற பெற்றோர், அன்பு மனைவி, பாசமிகு பிள்ளைகள், பிறகு கனடா, சுவிஸ், நோர்வே, பிரான்ஸ் என்று மைத்துனர்களும் சகலன்மாரும் நீண்டு போவார்கள். ஒரு பெயர் தவறினால் அன்று முழுவதும் தொலைபேசி அடிக்கும். அவள் தவறவிட்டதாக எனக்கு நினைவில்லை.

அந்தக் குரல் மக்களுடைய காதில் எவ்வளவு ஊறிவிட்டது என்பதற்கு ஒரு சம்பவம். தோர்ண்டன் ஹீத்தில் ஒரு கடையில் என்னோடு மரக்கறி வாங்க நின்றாள். கடைக்காரர் முதுகைக் காட்டிக்கொண்டு பெட்டி உடைத்துக்கொண்டிருந்தார்.

“முருங்கைக்காய் என்ன விலை?” என்று கேட்டாள்.

அவர் கத்தியை வைத்துவிட்டுத் திரும்பாமலே கேட்டார்.

“ஐயோ… ஆர் அக்கா?”

“ஒருத்தருமில்லை அண்ணை. முருங்கைக்காய் மட்டுந்தான்.”

“அப்ப சரி. நான் வீட்டுக்கு போன் அடிக்கப் பாத்தன்.”

வெளியே வந்ததும் அவள் நடைபாதையில் நின்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “அண்ணை, இதுக்குள்ளை ஏதோ இருக்கு” என்றாள்.

அதிலிருந்துதான் கமலம் பிறந்தாள். ஒரு மாலை, நாடக நடிகர் ஒருவர் வராமல் போனபோது, வாசிப்பதற்கு எதுவும் இல்லாமல் ஒலிவாங்கியின் முன் இருந்த என் தங்கை, கற்பனையான ஒரு தொலைபேசியை எடுத்து, வாடகை வீடு ஒதுக்கும் உள்ளூர்க் கவுன்சிலுக்குப் பேசத் தொடங்கினாள். மறுமுனையில் யார் என்ன சொல்கிறார்கள் என்பதை நாம் ஒருபோதும் கேட்கமாட்டோம். கமலத்தின் குரல் மட்டுந்தான்.

“ஹலோ, கவுன்சிலோ? நான் கமலம். … ஓம், போன கிழமை எடுத்த அதே கமலந்தான். … இல்லைத் தங்கச்சி, ஈரச்சுவர் இல்லை, இது நரி. எங்கடை பின்வளவிலை ஒரு நரி குடும்பமா வந்திருக்குது. … கலைக்கச் சொல்லேல்லை, பிள்ளை. அது தன்ரை பாட்டிலை இருக்கட்டும். நான் கேக்கிறது என்னெண்டால், நான் வீட்டு லிஸ்ரிலை பதினொரு வருசம். நரி வந்து மூண்டு மாசம். அதுக்கு ஆர் எழுதிக் குடுத்தது? … ஓம், லைனிலை நிக்கிறன்.”

கமலம் அந்த மாலையே பிரபலமானாள். வேலைத்தலங்களில், பெற்றோல் நிலையங்களில், பேருந்துகளில் “ஓம், லைனிலை நிக்கிறன்” என்று ஆட்கள் சொல்லத் தொடங்கினார்கள்.

ஆனால் அந்த நிகழ்ச்சியும் முழுதாக ஒலித்ததில்லை. அவசர மரண அறிவித்தல் வந்தால் கமலத்தை நடுவில் நிறுத்திவிடுவார்கள். நிறுத்திவிட்டு அறிவித்தலை வாசிப்பதும் அவளேதான். ஒரு நிமிடம் முன்னர் நரியைப் பற்றிப் பேசிய தொண்டையைச் செருமிக்கொண்டு, குரலை இறக்கி, ஒரு பெயரும் தவறாமல் வாசிப்பாள். வாசித்து முடிந்ததும் மீண்டும் நரிக்குப் போக முடியாது, மரியாதைக் குறைவு. பக்திப் பாடல் போடுவார்கள்.

ஒலிநாடாக்களை வைத்திருக்கவில்லை. புதிய நாடாவுக்குச் செலவு என்று பழையதன்மேல் பதிந்தார்கள். தலைமையுரைகளைப் பாதுகாத்தார்கள்.

மழையைப் பற்றி ஆறு வாரங்கள்

தொலைக்காட்சியும் ஒரு சிறு காலம் அவளை அழைத்தது. தொழிற்பேட்டைக்குள் ஒரு கிட்டங்கியில் அந்த நிலையம் இயங்கியது. தயாரிப்பாளர் இளைஞர், பயந்தவர். முதல் நாளே விதிகளைச் சொன்னார். அவள் எனக்கு அதை அவருடைய குரலிலேயே செய்து காட்டினாள்.

“அக்கா, குடும்பமா இருந்து பாக்கிறவை. மாமியாரைப் பற்றி வேண்டாம். கோயில் சபையைப் பற்றி வேண்டாம். சங்கங்களைப் பற்றியும் வேண்டாம்.”

“அப்ப மழையைப் பற்றிச் சொல்லட்டோ?”

“மழை ஓகே அக்கா.”

அவள் ஆறு வாரம் மழையைப் பற்றிப் பேசினாள். “விடியவே வந்து நிக்கும். போறன் போறன் எண்டு சொல்லும், போகாது. நாங்கள் வெளிக்கிட்டால் தானும் வெளிக்கிடும். உடுப்புக் காயப்போட்டால் அதிலை ஒரு பிழை பிடிக்கும். அவருக்குச் சொன்னால், ‘அது அப்பிடித்தான், சின்னனிலையிருந்தே எனக்குப் பழக்கம்’ எண்டுவார்.” ஆறாவது வாரம், லண்டன் மழை யாருடைய மாமியார் என்பது பார்த்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஏழாவது வாரம் அவளைச் சிறுவர் பேச்சுப் போட்டிக்கு நடுவராக மாற்றினார்கள். அது கௌரவம் என்று சொன்னார்கள்.

வெட்டக்கூடிய இடங்கள்

ஹரோ மண்டபத்துக்குத் திரும்புகிறேன்.

அவள் ஏறியதும் மண்டபத்தில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. அதை அளக்க என்னிடம் கருவி இருந்தது. ஆனால் அன்று கையில் ரோல்ஸ்தான் இருந்தது. சிரிப்பு எப்போதும் மண்டபத்தின் இடப்பக்கப் பின்மூலையில், பெண்கள் பிள்ளைகளோடு நிற்கும் இடத்தில் தொடங்கும். முன்வரிசைக்கு அது கடைசியாக வரும். முன்வரிசையில் இருப்பவர்கள் மற்றவர்கள் சிரிப்பது உறுதியான பிறகே சிரிப்பார்கள்.

அன்று கமலம் தன் பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கு அழைப்பு எடுத்தாள். மண்டபம் குலுங்கியது. அவளுடைய கண்கள் மட்டும் வாசலில் இருந்தன.

அது அவளுடைய தொழில்முறை. மற்றக் கலைஞர்கள் சபையைப் பார்ப்பார்கள்; இவள் வாசலைப் பார்ப்பாள். கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டால், மாலை வைத்திருப்பவர் எழுந்தால், நாதஸ்வர இசைத்தட்டை யாரோ தேடத் தொடங்கினால், அவளுக்கு அரை நிமிடம் இருக்கிறது என்று பொருள். அதனால் தன் நகைச்சுவையை எந்த இடத்திலும் வெட்டக்கூடிய சிறு துண்டுகளாகவே கட்டினாள். நீண்ட கதை ஒன்றைச் சொல்லி, மெல்ல மெல்ல ஏற்றி, கடைசியில் சபையைக் கவிழ்க்கும் ஆற்றல் அவளிடம் இருந்தது. வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அதை நான் கண்டிருக்கிறேன். மேடையில் அதற்கு அவளுக்கு இடமில்லை.

அன்று டொக்டர் வந்தார். கமலம் பள்ளி அதிபரிடம் ஒரு கேள்வி கேட்டு, பதிலுக்குக் காத்திருந்த கணம். சபையும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. தயாபரன் ஒலிவாங்கியை அவள் கையிலிருந்து எடுத்தார். பறிக்கவில்லை, மிகப் பணிவாக எடுத்தார்.

“நன்றி நளாயினி அக்கா. எங்கள் பிரதம விருந்தினர் வருகை தந்துவிட்டார். அனைவரும் எழுந்து நிற்கவும்.”

எல்லோரும் எழுந்தோம். அவள் பக்கப் படியால் இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றாள்.

“அதிபர் என்ன சொன்னவர்?” என்று கேட்டேன்.

“ஆருக்குத் தெரியும்? டொக்டரைக் கேளுங்கோ.”

ரோல்ஸ் ஆறிப்போயிருந்தது. அதை வாங்கிச் சாப்பிட்டு முடித்தாள்.

விருந்தினர் இல்லாத ஒரு மாலை

இரண்டு வருடங்களுக்கு முன்னர், அவளுடைய நோய் தெரியவந்த பிறகு, ஆரணி ஒரு காரியம் செய்தாள். இங்கே பிறந்த தமிழ்ப் பிள்ளைகள் சிலர் ஒரு மதுக்கடையின் மேல்மாடியில் நகைச்சுவை மாலைகள் நடத்துகிறார்கள். ஆரணி தாயின் பெயரைக் கொடுத்துவிட்டாள்.

“அம்மா, உங்களுக்கு ட்வென்ரி மினிற்ஸ்.”

“ஆர் வருமட்டும்?”

“ஒருத்தரும் வரமாட்டினம், அம்மா. இற்ஸ் யுவர் ஸ்லொட்.”

ஞாயிறு மாலை. கம்பளம் விரித்த, கூரை தாழ்ந்த அறை, பியர் மணம். ஒலிக்கு மிக நல்ல அறை. வாசலில் ஒட்டியிருந்த தாளில் அவளுடைய பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு, மூக்குக்கண்ணாடியை மாட்டி, இன்னொரு முறை பார்த்தாள்.

முதல் சில நிமிடங்கள் அவள் வாசலைப் பார்த்துக்கொண்டே பேசினாள். துண்டு துண்டாகத்தான் வந்தது. சொல்வாள், வாசலைப் பார்ப்பாள், அடுத்த துண்டுக்குத் தாவுவாள். அங்கே யாரும் வரவில்லை. ஓர் இடத்தில், ஒரு பகிடிக்குப் பிறகு, அவள் பழக்கப்படி திரும்பிப் பார்த்தாள். பிறகு கதிரை ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு வாசலைப் பார்க்கவில்லை.

உட்கார்ந்த பின் சொன்னது ஒரே கதை. முழுக் கதை. ஆரணி அதைத் தன் கைபேசியில் பதிவு செய்தாள். என் தங்கையின் நகைச்சுவை தொடக்கம் முதல் முடிவு வரை இருக்கும் ஒரே பதிவு அதுதான்.

மரியாதை

அறிவித்தல் மாற்றி வாசிக்கப்பட்ட புதன்கிழமை தயாபரனை அழைத்தேன்.

“அண்ணை, மரண அறிவித்தலிலை ‘நகைச்சுவை’ எண்டு போட்டால் ஒருமாதிரி இருக்கும். அதுதான் கலைச்சேவகி எண்டு மாத்தினனான். ஒரு மரியாதைக்கு.”

“அவள் சேவை செய்யேல்லை, தயாபரன். சிரிக்க வைச்சவள்.”

“அதைத்தான் அண்ணை சேவை எண்டிறன்.”

“அப்ப சிரிக்க வைச்சவள் எண்டே சொல்லுங்கோ.”

“செத்தவீட்டிலையோ அண்ணை?”

அஞ்சலிக் கூட்டத்தில் ஆரணியின் பதிவைப் போடவேண்டும் என்று கேட்டேன். கூட்டத்தை ஒன்றியம்தான் நடத்துகிறது; நிரலும் அவர் கையில். அவர் பதிவைக் கேட்டார். இரண்டு நாள் கழித்து மிகுந்த வருத்தத்தோடு மறுத்தார்.

“நான் விழுந்து விழுந்து சிரிச்சனான் அண்ணை, பொய் சொல்லேல்லை. மனிசியும் சிரிச்சவ. ஆனால் அவ அதிலை மரண அறிவித்தலையே பகிடி பண்ணுறா. சனத்துக்கு முன்னாலை ஏலாது. கவுன்சிலர் பிரதம விருந்தினரா வாறார். படங்களைப் போடுவம். மெல்லிய வீணையோடை.”

நான் அவரிடம் குரலை உயர்த்தவில்லை. அவளிடம் அவர்கள் கேட்டதெல்லாம் நகைச்சுவை. இலவசமாக, அவசரமாக, பெயரில்லாமல் கேட்டார்கள். அவள் இறந்தபின் அதைத் துடைத்துவிட்டுத் திருநீறு பூசிய ஒரு படத்தை வைத்துக்கொள்ள விரும்பினார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் மரியாதை.

ஒலிவாங்கியில் விழுந்த பெயர்

சனிக்கிழமை ஐந்து மணி. மண்டபம் நிறைந்திருந்தது. மேடையில் மாலை போட்ட அவளுடைய படம். ஆரணி ஒரு மடிக்கணினியோடு பக்கத்து மேசையில் இருந்தாள். படங்களைக் காட்டுவது அவள் பொறுப்பு. கவுன்சிலர் வரவில்லை.

ஐந்தரை ஆயிற்று. பிள்ளைகள் ஓடத் தொடங்கினார்கள். தயாபரன் வாசலுக்கும் மேடைக்கும் நடந்தார், கைபேசியில் பேசினார், பிறகு ஒலிவாங்கியை எடுத்தார். களைத்திருந்தார். காலையிலிருந்து கதிரை அடுக்கியவர். பழக்கம் வாயில் வந்துவிட்டது.

“கவுன்சிலர் அவர்கள் வந்துகொண்டிருக்கிறார். அவர் வரும்வரை ஒரு பத்து நிமிடம்… எங்கள் நளாயினி அக்கா…”

அவருடைய கண்கள் பின்வரிசையைத் தேடிப் போயின. அதன் பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

யாரும் அவரைத் திட்டவில்லை. ஒலிவாங்கியைக் கையில் வைத்தபடி அவர் நின்றார்.

நான் எழுந்து ஆரணியிடம் போனேன்.

“போடு, பிள்ளை.”

“எதை, மாமா? போட்டோஸையோ?”

“அம்மாவை.”

திரையில் அந்தத் தாழ்ந்த கூரை அறை வந்தது. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்த இடத்திலிருந்து ஆரணி தொடங்கினாள்.

“நான் கனகாலமாச் செத்த ஆக்களை வாசிச்சனான்,” என்றாள் என் தங்கை. “நல்ல வேலை. ஒருத்தரும் திரும்பி வந்து பிழை எண்டு சொல்லேல்லை. ஆனால் ஒரு விசயம் கவனிச்சனான். மனிசி எழுவது வருசம் உயிரோடை இருந்திருக்கும். அறிவித்தலைப் பாத்தால், இன்னாரின்ரை மகள், இன்னாரின்ரை மனைவி, ரொறொன்ரோவிலை இருக்கிற இன்னாரின்ரை மைத்துனி. அந்த மனிசி என்ன செய்தது எண்டு தேடித் தேடிப் பாத்தன். முழுநேர மைத்துனி. ஓவர்டைமும் செய்திருக்குது.”

இடப்பக்கப் பின்மூலையில் ஒரு பெண் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள். போதவில்லை. அவளுக்குப் பக்கத்தில் இருந்தவளுக்கும் போதவில்லை.

“எனக்கு வாசிக்கேக்கை சொந்தக்காரரைக் குறைச்சு வாசியுங்கோ. உயிரோடை இருக்கேக்கை ஒரு போன் எடுக்காத ஆக்கள் செத்த பிறகு ஏன் வரிசையிலை நிக்கினம்?”

சிரிப்பு நடு மண்டபத்துக்கு வந்தது. அழுதுகொண்டே சிரித்தார்கள்; அது மரியாதைக் குறைவாக எனக்குத் தெரியவில்லை.

அப்போது வாசலில் கவுன்சிலர் வந்து நின்றார். மாலை வைத்திருந்தவர் எழுந்தார். தயாபரனின் கை, தானாகவே என்று நினைக்கிறேன், மடிக்கணினியை நோக்கி நீண்டது.

“அங்கிள், பிளீஸ்,” என்றாள் ஆரணி. “தொடாதேங்கோ.”

நான் மேசைக்கும் அவருக்கும் நடுவில் நின்றேன்.

“முடியட்டும், தயாபரன்.”

“அண்ணை, கவுன்சிலர் நிக்கிறார்.”

“நிக்கட்டும்.”

கவுன்சிலர் ஒரு கணம் நின்றார். திரையைப் பார்த்தார். பிறகு அருகே ஒருவரிடம் ஏதோ கேட்டுவிட்டுப் பின்வரிசையில் காலியாக இருந்த ஒரு கதிரையில் உட்கார்ந்தார். கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கதை முடியும்வரை அப்படியே இருந்தார்.

அவ்வளவுதான். அவர் காத்திருந்தார். அதில் அவருக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை. முப்பது வருடங்களில் எந்த டொக்டரிடமும், எந்தத் தலைவரிடமும், ‘ஐந்து நிமிடம் இருங்கள், அவள் முடிக்கட்டும்’ என்று ஒருவரும் கேட்டுப் பார்க்கவில்லை. கேட்டிருந்தால் இருந்திருப்பார்கள். இதுதான் என்னால் பொறுக்க முடியாதது.

கதை முடிந்தது. திரையில் இருந்த சபை கைதட்டியது. மண்டபத்தில் யாரும் தட்டவில்லை. அஞ்சலிக் கூட்டத்தில் தட்டுவதில்லை. ஆனால் முன்வரிசையிலும் சிலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை வானொலிச் செய்தியில் கூட்டத்தைப் பற்றிச் சொன்னார்கள். கவுன்சிலரின் உரை விரிவாக வந்தது. ‘கலைச்சேவகி’ இரண்டு தடவை வந்தது. பதிவு வரவில்லை.

சென்ற வாரம் தயாபரன் தொலைபேசி எடுத்தார். மனம் வருந்திப் பேசினார். அன்று ஒலிவாங்கியில் அப்படிச் சொன்னதற்காக அவருக்கு நித்திரை வரவில்லையாம். நம்புகிறேன். பிறகு சொன்னார்:

“அண்ணை, அந்த வீடியோவைப் பற்றி எல்லாரும் கதைக்கினம். சித்திரை விழாவிலை போடுவமோ? எம்.பி. வாறார். அவர் வருமட்டும் போட்டால் சனமும் சந்தோசமா இருக்கும்.”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

இன்னும் செய்யாதவை

வானொலிக்குத் திருத்தம் அனுப்புதல்: ‘கலைச்சேவகி’ அல்ல, நகைச்சுவைக் கலைஞர்.

விழாக்களைப் படம்பிடித்தவர்களைத் தேடி, எங்கே அவள் நிறுத்தப்பட்டாளோ அந்தத் துண்டுகளையாவது கேட்டு வாங்குதல்.

அவளுடைய நினைவுப் பலகையில் உறவுமுறை எதுவும் வேண்டாம் என்று ஆரணியோடு பேசி முடிவு செய்தல்.

கவுன்சிலருக்கு நன்றி சொல்லி எழுதுதல். எதற்காக நன்றி என்பது அவருக்குப் புரியாது, விளக்கத் தேவையில்லை.

தயாபரனுக்கு ‘இல்லை’ என்று சொல்லுதல்.